படத்தில் ஆள் இல்லை

எனக்குப் படம் வரைய வராது. ஆறாம் வகுப்பில் மாம்பழம் வரையச் சொன்னார்கள். நான் வரைந்ததைப் பார்த்துவிட்டு, இது யாருடைய காது என்று வாத்தியார் கேட்டார். வரையத் தெரியாதவர்கள்தான் படங்களைப் பற்றி எழுத வேண்டும். வரையத் தெரிந்தவர்களுக்கு அதற்குப் பொழுது இருக்காது.

ஏட்டையா மெதுவாகவே எழுதட்டும், இன்ஸ்பெக்டர் சார். எனக்கு அவசரம் இல்லை. கல்லூரிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பேருந்து ஏறினேன்.

என் பெயர் மாயகிருஷ்ணன். கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் தமிழ் விரிவுரையாளர். சொந்த ஊர் தென்காசிப் பக்கம். அங்கே சாரலும் வாய்க்காலும் உண்டு. எழுத எதுவும் இல்லை. கரிசல் காட்டுக்கு வந்த பிறகுதான் எழுத ஆரம்பித்தேன். பார்க்க எதுவும் இல்லாத ஊரில் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

1997 ஐப்பசியில், இஸ்திரிப் பெட்டிக்குக் கரி வாங்க ஷேக் பரீத்தின் கரிக்கடைக்குப் போனேன். நல்ல மழை. கடையின் மேற்குச் சன்னலை ஒரு பலகை அடைத்திருந்தது. அதில் ஒரு படம் இருந்தது.

படத்தைச் சொல்கிறேன். கறுப்பு வானம். கறுப்பு நிலம். இரண்டுக்கும் நடுவே கறுப்பு கொஞ்சம் குறைந்த ஒரு கோடு. மையத்தில் ஒரு பெரிய மேடு. வானத்திலிருந்து சாம்பல் நிற மேகம் இறங்கி அந்த மேட்டைத் தொடுகிறது. உச்சியில் ஒரு காகம். இடது பக்கம் பட்டுப்போன மரம் ஒன்று சாய்ந்து நிற்கிறது. வலது கீழ் மூலையில், துவரம் பருப்பு அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. ஆள் இல்லை. வீடு இல்லை. ஆடு மாடு இல்லை.

"பாய், இது என்ன?" என்றேன்.

"சாரல் அடிக்கி சார். அதான் வச்சி அடைச்சிருக்கேன்."

"எனக்குக் கொடுப்பீர்களா?"

"மாத்துக்கு ஒரு பலகை கொண்டாந்து போட்டுட்டு எடுத்துக்கிடுங்க. சன்னலு தொறந்து கெடக்கக் கூடாது."

கல்லூரியில் உடைந்த கரும்பலகை ஒன்று கிடந்தது. அதைக் கொடுத்துவிட்டு இதை எடுத்து வந்தேன். வீட்டில் வைத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளைச் சாயத்தில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தது: மூட்டம்.

மேகமூட்டம், பனிமூட்டம், மனமூட்டம். நான் அகராதி பார்க்கவில்லை. தெரிந்த சொல்லுக்கு யாரும் அகராதி பார்ப்பதில்லை.

மூன்று வருடம் உழைத்தேன். 'மூட்டம்: ஆளில்லா வெளி' என்று நூல் வந்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம், முந்நூறு பிரதிகள். அந்த நாளில் 'வெளி', 'இன்மை' இரண்டும் இல்லாமல் ஒரு கட்டுரையைச் சிற்றிதழ்க்காரர்கள் திறந்து பார்க்கவே மாட்டார்கள். என் நூலில் இரண்டும் தாராளமாக இருந்தன. மனிதன் வெளியேறிவிட்ட நிலம், தன் கனத்தைத் தானே தாங்க முடியாமல் மண்ணில் வந்து உட்காரும் வானம் என்று எழுதியிருந்தேன். காகத்துக்கு மட்டும் பதினோரு பக்கம். சோறு வைக்க ஆளில்லாமல் காத்திருக்கும் முன்னோர் அது. சிவப்புப் புள்ளி, அணைய மறுக்கும் பிரக்ஞை. படத்தின் மேல் விளிம்பு ஒழுங்கில்லாமல் வெட்டுப்பட்டிருந்தது. முழுமையை மறுக்கும் ஓவியம் என்று அதற்கு ஓர் அத்தியாயம். படம் கரிக்கடையில் கிடைத்தது தற்செயல், அதற்குப் பொருள் கற்பிக்கக் கூடாது என்று அடிக்குறிப்பும் போட்டேன்.

நன்றாகப் பேசினார்கள். மூன்று இதழ்களில் மதிப்புரை வந்தது. அடுத்த ஜூன் முதல் எங்கள் கல்லூரியிலேயே பாடமாக வைப்பதாக முடிவாயிற்று. அதற்கு முன்னோட்டமாக, 2001 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கருத்தரங்கு. மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் ஆட்கள் வருவதாக இருந்தது.

ஜனவரிக் கடைசியில் என் துறையிலேயே வேலை பார்க்கும் பிரேமா, ஆசிரியர் அறையில் என் நூலோடு வந்து உட்கார்ந்தாள். விளாத்திகுளத்துக்காரி.

"தப்பா நினைக்காதீங்க சார். மூட்டம்னா எங்க பக்கம் கரி போடுறதுல்லா" என்றாள்.

"அது வட்டார வழக்கு."

"பலகையில எழுதுனவரும் வட்டாரத்து ஆளுதான சார்?"

பிறகு சிரித்தாள். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை என்றாள். அறையில் என்னைத் தவிர ஒரு பீரோதான் இருந்தது.

ஒரே வாரத்தில் ஓவியரைக் கண்டுபிடித்துவிட்டாள். எப்படி என்று கேட்டேன். கரிக்கடையில் கேட்டாளாம். மூன்று வருடத்தில் எனக்குத் தோன்றாத ஆய்வு முறை அது. ஓவியர் குளத்தூர்ப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர், பெயர் கொம்பையா. வேலிக்கருவையை வெட்டி மண்ணுக்குள் வைத்துக் கரியாக்குகிற தொழில். கூடவே இன்னொரு செய்தியும் கொண்டுவந்தாள். பலகை சன்னலுக்குக் கொஞ்சம் உயரமாக இருந்ததால் ஷேக் பரீத் மேலே ஒரு சாண் அறுத்து எடுத்திருக்கிறார். அந்தத் துண்டு இன்னும் கடைப் பரணில் கிடக்கிறதாம்.

"அதுல என்ன இருக்கு தெரியுமா சார்? சூரியன். நல்ல மஞ்சளா, கதிரெல்லாம் போட்டு. உச்சி வெயில்ல வரைஞ்ச படம் சார் அது. கரித்தூசி படிஞ்சி இப்படி ஆயிட்டு."

"அப்படியா" என்றேன்.

"ஞாயித்துக்கெழமை அவரையே மேடையில ஏத்திருவோம். துண்டையும் கொண்டாந்து ஒட்டிக் காட்டிருவோம். உங்களுக்குச் சந்தோஷம்தான சார்?"

சந்தோஷம் என்றேன்.

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். ஒரு விமர்சகனைத் திட்டலாம். திட்டினால் அவன் வளர்வான். ஒரு கூடம் முழுக்க அவனைப் பார்த்துச் சிரித்துவிட்டால் அப்புறம் அவன் இல்லை. அவன் எந்த ஊருக்குப் போனாலும் அந்தச் சிரிப்பு முந்தைய பேருந்திலேயே போய் இறங்கியிருக்கும். எனக்கு மனைவி மக்கள் கிடையாது. அந்த நூல்தான் இருந்தது.

கருத்தரங்குக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, படத்தை ஒரு போர்வையில் சுற்றிக்கொண்டு குளத்தூர் போனேன். இது நான் வரைந்தது இல்லை என்று அவனைச் சொல்ல வைக்க முடியுமா என்று பார்க்கத்தான். வேறு எண்ணம் அப்போது இல்லை. அவன் என்று சொல்கிறேன். வயதில் என்னைவிட மூத்தவன். நூலில் 'ஓவியர்' என்று மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறேன்.

சாலையிலிருந்து ஒரு மைல் உள்ளே நடந்தால் வெட்டவெளியில் அந்த மேடு நின்றது. ஆள் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு. புகை வானத்திலிருந்து இறங்கவில்லை, மேட்டிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. கொம்பையா மட்டும்தான் இருந்தான். கூட வேலை பார்க்கிறவர்கள் கழுகுமலைக்கு முடியெடுக்கப் போயிருந்தார்கள்.

போர்வையைப் பிரித்ததுமே அவன் முகம் விரிந்துவிட்டது.

"நம்ம படம்லா! சூரியன எங்க சார்?"

பாய் அறுத்துவிட்டார் என்றேன்.

"அவருக்குச் சன்னலு முக்கியம்" என்று சிரித்தான். கோபமே இல்லை. "மொத மொதல்ல சொந்தமா மூட்டம் போட்டப்ப வரைஞ்சது சார். போட்டாக்காரன இங்கன வாடேன்னேன். புகையில கேமரா கெட்டுப்போவும்னு வர மாட்டேன்னுட்டான். போலே, நானே வரையுதேன்னு வரைஞ்சேன். பஸ்ஸுக்கெல்லாம் பேரு எழுதிக்கிட்டுத் திரிஞ்சவந்தான நானும்."

காகத்தைக் காட்டிக் கேட்டேன்.

"காக்காயா? நாந்தான் சார் அது. மேல ஏறி மண்ணு போடுதேன்."

"இந்த மரம்?"

"இசக்கி. எங்க மச்சினன். நேரா நில்லுலேன்னா நிக்க மாட்டான். அன்னைக்குக் கொஞ்சம் ஏத்திக்கிட்டு வந்துட்டான்."

சிவப்புப் புள்ளியை நான் கேட்கவில்லை. அவனே சொன்னான்.

"இது எங்க வீட்டுக்காரி. சோறு கொண்டுக்கிட்டு வாரா. மூஞ்சி வரையலன்னு ஒரு வாரம் பேசல சார்."

நூலை எடுத்து அவனுக்கு மூன்று பக்கம் படித்துக் காட்டினேன். குத்த வைத்து உட்கார்ந்து கவனமாகக் கேட்டான். முடித்ததும், "நல்லா இருக்கு சார். யாரைப் பத்தி?" என்றான்.

பிறகு நிலைமையை விளக்கினேன். ஞாயிற்றுக்கிழமை இருநூறு பேர் வருவார்கள், நூல் பாடமாக வரப்போகிறது, படத்தில் ஆளே இல்லை என்பதுதான் நூலின் சாரம். அவன் சட்டென்று புரிந்துகொண்டான். மதுரைக்காரர்களைவிட வேகமாக.

"நான் வந்து இது இசக்கி, இது நான்னு சொன்னா உங்களுக்குக் கேவலமாப் போயிரும். அதான சார்? இதுக்கா இம்புட்டுத் தூரம் அலைஞ்சிய? ஆளு இல்லன்னே சொல்லிருதேன். காக்கான்னா காக்கா. மேகம்னா மேகம். நமக்கு என்ன போச்சி?"

கீழே கிடந்த கரியை விரலில் தேய்த்து, எச்சில் தொட்டு, அந்தச் சிவப்புப் புள்ளியின் மேல் அப்பினான். புள்ளி மறைந்துவிட்டது.

"இப்பச் சரியா இருக்கா பாருங்க. அவகிட்ட மட்டும் சொல்லிராதீய."

நீங்கள் காரணம் கேட்டீர்கள். இதுதான் காரணம். அவன் மறுத்திருந்தால் வாதாடியிருப்பேன். மேடையில் என்னைக் கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேனோ என்னவோ. அவன் எனக்கு விட்டுக்கொடுத்தான். மூன்று வருடத்தில் நான் எழுதி எழுதி நிறுவியதை ஒரு விரலால் உண்மையாக்கிவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். இனி என் நூல் அவன் இரக்கத்தில் நிற்கும். பாராட்டுகிற ஒவ்வொருவரையும் பார்க்கும்போது, குளத்தூர்க் காட்டில் ஒருவன் பெருந்தன்மையாக உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வரும். அது கடினம்.

அவன் தொழிலைப் பற்றியும் சொன்னான். கேட்காமலே சொல்கிற ஆள். விறகை நட்டு அடுக்கி, தழை போட்டு, மேலே ஈரமண்ணால் மெழுகிவிட்டு, அடியில் வாய் வைத்துத் தீ போடுவார்களாம். "உள்ள தீ இருக்கணும் சார், எரியக் கூடாது. காத்துப் போச்சின்னா பூராவும் சாம்பலாயிரும்." நல்ல வாக்கியம் என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். "வேக வேக வெறகு சுருங்கும். மேல் மண்ணு பார்க்கக் கெட்டியா இருக்கும். உள்ள ஒண்ணும் இருக்காது. பலகை போடாம காலு வச்சா அம்புட்டுத்தான்." இதையும் எழுதிக்கொண்டேன்.

எழுதி முடிக்கும்போது உச்சியில் ஓரிடம் உடைந்து புகை பீறிட்டது. கொம்பையா மண்கூடையைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறினான். மேலே போய், கண்ணை மூடிக்கொண்டு, கையைப் பின்னால் நீட்டினான்.

"சார், அந்தப் பலகையை எடுத்துக் குடுங்க."

என் காலடியில் இரண்டு பலகைகள் இருந்தன. ஒன்று பனம்பலகை, நான்கு விரல் கனம். இன்னொன்று படம். அது ஒட்டுப்பலகை, சுண்டுவிரல் கனம்கூட இல்லை. புகையில் எது எதென்று தெரியவில்லை என்று நான் முதலில் யோசித்து வைத்திருந்தேன், யாராவது கேட்டால் சொல்ல. யாரும் கேட்கவில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்தது. படம் அவன் கண்ணில் படாதபடி கவிழ்த்துக் கொடுத்தேன்.

வாங்கிப் போட்டு ஒரு காலை வைத்தான். அடுத்த காலையும் வைத்தான். பலகை உடைந்த சத்தம் பெரிதாக இல்லை. "சார்" என்று ஒருமுறை கூப்பிட்டான். மரியாதையான குரல்தான்.

ஏணியில் ஏறிக் கை கொடுத்திருக்கலாமா என்று கேட்கிறீர்கள். கொடுத்திருக்கலாம். பனம்பலகையும் அங்கேயே கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் அவன் மனைவி தூக்குவாளியோடு வந்தாள்.

"அவிய எங்க சார்?"

விறகு லாரி ஒன்று வந்தது, அதில் ஏறிக் கோவில்பட்டி போய்விட்டார், மேடைக்குப் புதுச்சட்டை எடுக்க வேண்டும் என்றார் என்று சொன்னேன்.

"சட்டையா? நான் வருசக்கணக்காச் சொல்லி எடுக்காத மனுசன்" என்றாள். முகம் மலர்ந்துவிட்டது. பொய்யிலும் விவரம் முக்கியம். பிறகு நிமிர்ந்து மூட்டத்தைப் பார்த்தாள். "அய்யய்யோ, உச்சி இடிஞ்சில்லா கெடக்கு. சட்டை எடுக்கப் போற சோக்குல இதப் பாக்கலியே மனுசன். சார், ஒரு கை குடுங்க. இல்லன்னா பத்து நாப் பாடு சாம்பலாப் போயிரும்."

கருவைத் தழையை வெட்டிக் கொண்டுவந்தாள். பனம்பலகையைப் போட்டு ஏறினாள். நான் கீழே நின்று மண்ணை அள்ளி அள்ளிக் கொடுத்தேன். அவள் தழையைப் பரப்பி, மண்ணைக் கொட்டி, கையால் தட்டித் தட்டி மெழுகினாள். முப்பது கூடை இருக்கும். இடையில் ஒருமுறை மூக்கைச் சுளித்தாள்.

"வாடை ஒரு மாதிரியா இருக்கு. பாம்பு கீம்பு விழுந்திருக்கும். சில நேரம் விழும் சார்."

இருக்கலாம் என்றேன்.

வேலை முடிந்ததும், வீணாகப் போகுமே என்று அவன் சாப்பாட்டை எனக்குப் போட்டாள். கம்பஞ்சோறும் துவையலும். துவையலில் புளி கொஞ்சம் தூக்கல்.

கருத்தரங்கு நன்றாக நடந்தது. ஓவியர் வரவில்லை என்று பிரேமா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அறுத்த சூரியனைக் கையில் வைத்திருந்தாள். ஒட்டிக்காட்டப் படம் இல்லை. மூலப்படம் ஓவியரிடமே திரும்பிவிட்டது என்று மேடையில் சொன்னேன். அது உண்மை. ஆள் இல்லாத படத்தைப் பற்றிய கூட்டத்துக்கு ஆள் வராமல் இருப்பதே பொருத்தம் என்றும் சொன்னேன். நல்ல கைதட்டல்.

பதினோராம் நாள் மூட்டம் பிரித்தபோது கிடைத்தது என்ன என்பது உங்கள் கோப்பில் இருக்கிறது. விபத்து என்று எழுதியிருக்கிறீர்கள். லாரியைப் பற்றி என்னிடம் கேட்டீர்கள். சாலைப் பக்கம் போவதைப் பார்த்தேன், நான் கவனிக்காத நேரத்தில் திரும்பி வந்து மேலே ஏறியிருப்பார் போலிருக்கிறது என்றேன். கல்லூரி ஆசிரியர் என்றதும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினீர்கள். அதற்கு மேல் நான் சொல்லவும் இல்லை.

இப்போது எதற்கு வந்தாய் என்பது நியாயமான கேள்வி.

போன மாதம் பிரேமா ஒரு கட்டுரை எழுதியிருக்கிறாள். கரிக்குள் ஒட்டுப்பலகைத் துண்டு ஒன்று அரைகுறையாகக் கருகிக் கிடந்ததாம். அதை வைத்துக்கொண்டு, தன் படத்தைத் தவறாகப் படித்துவிட்டார்களே என்று மனம் உடைந்த கலைஞன், அந்தப் படத்தோடு தானே மூட்டத்துக்குள் இறங்கிவிட்டான் என்று நிறுவுகிறாள். தன் ஓவியத்துக்குள் நுழைந்துகொண்ட ஓவியன். மொழி நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. இரண்டு இதழ்களில் மறுபதிப்பு வந்துவிட்டது. என் நூல் அதில் ஓர் அடிக்குறிப்பு.

அது பிழையான வாசிப்பு. கொம்பையாவின் மனம் உடையவில்லை. அவனுக்கு உடைகிற மாதிரியான மனமே கிடையாது. காக்கான்னா காக்கா என்றவன் அவன். தற்கொலைக்கு அங்கே ஒரு சான்றும் இல்லை. வேறு யார் என்ன எழுதினாலும், நேரில் பார்த்தவன் நான் ஒருவன்தான். நான்தான் செய்தேன். தெரிந்து, யோசித்து, படத்தைக் கவிழ்த்துக் கொடுத்தேன்.

போன திங்கட்கிழமை அவன் மனைவி கல்லூரிக்கு வந்தாள். கட்டுரையில் இருப்பதை ஊரில் யாரோ சொல்லிவிட்டார்கள். "அவிய தானாத்தான் உள்ள எறங்குனாவளா சார்? அப்படி நான் என்ன செஞ்சிட்டேன் அவியளுக்கு?" என்று கேட்டாள். இல்லையம்மா என்றேன். மணி அடித்துவிட்டது. வகுப்பு இருந்தது.

அதனால்தான் வந்தேன். நூலுக்காக வரவில்லை. பிரேமாவின் கட்டுரைக்காகவும் வரவில்லை. அந்தப் பெண்ணுக்காக வந்தேன். கடைசிவரை அவள் மனதில் ஒரு பொய் கிடக்கக் கூடாது. என் நினைப்பெல்லாம் அவள்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஏட்டையா அவள் பெயரைக் கேட்கிறார். பழைய கோப்பில் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரியாது.